அறுபத்து நான்காம் பக்கம்

சினிமாக்காரர்கள் ஒரு பழைய குழந்தைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால், முதல் காரியமாக அதில் வருகிற மிருகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவார்கள் என்பது கத்தரியம்மாவின் கணிப்பு. ஏழு படங்களை உட்கார்ந்து பார்த்து, நொந்துபோய், அதன் பிறகு வந்த கணிப்பு அது. கரடிக்குக் கண்ணாடி. ஆமைக்குக் கண்ணாடி. ஒரு படத்தில் மீனுக்கே கண்ணாடி. வெளியே காது இல்லாத பிராணிக்கு அது எதில் மாட்டி நிற்கிறது என்று அந்தக் கம்பெனியில் ஒரு மனுஷனுக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டாவது காரியம், வில்லனுக்குச் சின்ன வயதில் ஒரு சோகம் வைப்பது. மூன்றாவது, கடைசியில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஆட விடுவது. இந்த மூன்றும் முடிந்தால் புத்தகம் படமாகிவிட்டது என்று அர்த்தம்.

கத்தரி என்பது பதிப்பகத்தில் வைத்த பெயர். அம்மா என்பது பயத்தில் ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தெட்டு வயது, சிறுவர் புத்தகங்கள் போடுகிற ஒரு பதிப்பகத்தில் முப்பத்தோரு வருஷமாக வேலை. பழைய, தடிமனான குழந்தைக் கதைகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரே மூச்சில் படித்து முடிக்கிற அளவுக்குச் சுருக்கித் தருவாள். அளவு என்றால் அறுபத்து நான்கு பக்கம். ஒன்று கூடாது, குறையாது. ஒரு பெரிய தாளை அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம் வரும்; அதற்கு அச்சகத்தில் ஒரு பாரம் என்று பேர். நான்கு பாரம் ஒரு புத்தகம். மூன்று பக்கம் மீறிவிட்டால் ஐந்தாவது பாரம் போட வேண்டும், அதில் பதின்மூன்று பக்கம் வெறுமையாகக் கிடக்கும். வெறும் பக்கத்தைப் பார்த்தால் முதலாளிக்கு வயிறு எரியும். அதனால் எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அறுபத்து நான்கில் அடங்கியே ஆக வேண்டும்.

அவள் அதைச் செய்கிற விதம்தான் பேச்சுக்கு இடமானது. மற்றவர்கள் கதையைப் படித்துவிட்டுத் தங்கள் நடையில் திருப்பி எழுதுவார்கள். இவள் எழுத மாட்டாள். தாளின் இரண்டு பக்கமும் வேண்டும் என்பதால் மூலப் புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி, கத்தரிக்கோலால் வரி வரியாக வெட்டி, வேண்டியதை மட்டும் தாளில் ஒட்டுவாள். ஒட்டிய தாள்களைத்தான் அச்சுக் கோக்கக் கொடுப்பாள். ஒட்டாத துண்டுகளையும் வீசுவதில்லை. ஒரு பழுப்பு உறையில் போட்டு, ஒட்டிய தாள்களோடு சேர்த்து நூலால் கட்டி வைப்பாள். அலுவலகத்து மின்விசிறிக்குக் கீழே இந்த வேலை நடக்காது, துண்டுகள் பறந்துவிடும். அதனால் வெட்டு ஒட்டெல்லாம் வீட்டில், முன்னறையில், விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய. கட்டுகளை வைக்கிற இரும்பு அலமாரியும் அங்கேயே, தெருப் பக்க ஜன்னலை ஒட்டி நின்றது.

"நான் வெட்டுவேன், ஒட்டுவேன். எழுத மாட்டேன்" என்று அவள் சொல்லாத கூட்டம் கிடையாது. நூற்று நாற்பது புத்தகங்களில் தன் கையெழுத்தில் ஒரு வரிகூட இருக்காது என்பது அவள் பெருமை. மற்றவர்கள் செய்ததற்கெல்லாம் அவளிடம் ஒரே வார்த்தைதான் இருந்தது: கொழுப்பு. செத்துப்போன மனுஷி எழுதிய கதையில் தன் வாக்கியத்தை நுழைக்கிறவனுக்குக் கொழுப்பு. கரடிக்குக் கண்ணாடி போடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய கொழுப்பு. அச்சான பிறகு தான் சுருக்கிய புத்தகத்தை அவள் திறந்தும் பார்ப்பதில்லை. ஆசைக்குப் படிப்பதென்றால் முழுப் புத்தகத்தைத்தான் எடுப்பாள்.

இந்தக் கறார்தனம் பார்த்துத்தான் சிறுவர் நூல் மன்றத்தில் அவளை உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். மன்றத்துக்கு ஒரு வேலை உண்டு. குழந்தைப் புத்தகம் ஏதாவது படமாக வந்தால், ஐந்து உறுப்பினர்கள் முதலில் பார்த்துவிட்டு, இது மூலக் கதைக்கு நியாயம் செய்திருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அழைத்துப் போகும். ஐந்தில் ஒருவர் வேண்டாம் என்றாலும் பேருந்து கிளம்பாது. கத்தரியம்மா ஏழு முறை வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். மற்ற நால்வரும் ஏழு முறையும் சரி என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் தூங்கிவிட்டு எழுதியவர்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

எட்டாவதாக வந்தது 'கட்டைக்கால் வாத்து'. வந்ததோடு ஒரு சங்கடத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. திரைக்கதை எழுதியது அவள் தங்கை மகள்.

தங்கை மகளுக்கு இருபத்தொன்பது வயது. வீட்டில் இன்னும் குட்டிதான். குட்டிக்கு ஆறு வயதிருக்கும்போது அவள் அப்பா, பக்கத்து ஊரில் வேலை என்று ஒரு பையோடு கிளம்பியவர், அப்படியே போய்விட்டார். தங்கை ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்ட் மாறி மாறி வரும். அதனால் தாயும் மகளும் மூன்று வருஷம் கத்தரியம்மா வீட்டில்தான் இருந்தார்கள். அந்த மனுஷன் போனதில் கத்தரியம்மாவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. "சனியன் தானா விலகிடுச்சு" என்று தங்கையிடமே சொன்னாள். குட்டியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அது பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைப் போட்டுவிட்டு, முன்னறை ஜன்னலில் போய் நின்றுகொள்ளும். பெரியம்மா மேஜையில் வெட்டிக்கொண்டே, "தெருவை அளந்தது போதும், வந்து வீட்டுப்பாடத்தை எடு" என்று ஒரு அதட்டல் போடுவாள். சில நாள் வரும், சில நாள் வராது. கனவு காண்கிற பிள்ளை, இது உருப்படாது என்று அப்போதே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கதை எழுதப் போனதும் அந்த முடிவு உறுதியாயிற்று.

எழுதின மூன்று படங்களில் குட்டியின் பேர் திரையில் வரவில்லை. உதவி, துணை, நன்றி என்று எங்கேயோ ஒரு மூலை. இந்தப் படத்தில்தான் தனியாக, பெரிய எழுத்தில். "பெரியம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்தாத்தான் இது ஓடும். ஓடலைன்னா அடுத்ததுக்கு என்னைக் கூப்பிட மாட்டாங்க" என்று முதல் நாளே போனில் சொல்லிவிட்டது. "சிபாரிசா?" என்றாள் பெரியம்மா. "இல்ல, தகவல்" என்றது குட்டி. அந்தப் பதில் கத்தரியம்மாவுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

படத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் புத்தகத்தைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. முந்நூறு பக்கம். எழுதிய அம்மாள் இறந்து எண்பது வருஷம் ஆகிறது. உரிமை கேட்க ஆள் இல்லை என்பதால்தான் கம்பெனிக்கு அவ்வளவு பிரியம். ஒரு படகுத்துறை. துறைக்காரரின் மகள். கண்ணியில் கால் போன ஒரு காட்டு வாத்து அவள் கையில் வந்து சேருகிறது. உடைந்த துடுப்பிலிருந்து ஒரு கட்டை செதுக்கி அதற்குக் காலாகக் கட்டிவிடுகிறாள். அந்தக் கனத்தோடு வாத்து நடக்கலாம், பறக்க முடியாது. ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்பும் வாத்துக் கூட்டம் தலைக்கு மேலே போகும். கட்டைக்கால் வாத்து கழுத்தைத் தூக்கிப் பார்க்கும். மூன்றாவது வருஷம் அவள் கட்டையை அவிழ்த்துவிடுகிறாள். வாத்து பறந்து போகிறது. அவ்வளவுதான் கதை. அந்த அவ்வளவுதான் என்பதில் முந்நூறு பக்கமும் இருக்கிறது.

காலை பத்து மணிக்கு, முப்பது நாற்காலி போட்ட ஒரு சின்னத் திரையரங்கில் படத்தைக் காட்டினார்கள். ஐந்தாவது நிமிஷத்தில் வாத்து வந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தது.

கத்தரியம்மா குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டாள். வாத்து வாயைத் திறந்து, "என்ன மச்சி, சீன் போடுறியா?" என்று கேட்டது. புத்தகத்தில் முந்நூறு பக்கத்துக்கும் ஒரு வார்த்தை பேசாத வாத்து. துறைக்காரர் மகள், புத்தகத்தில் படகுக் கயிறு அலசி அலசி விரல் வெடித்த பெண், இங்கே தலைமுடிக்கு நீலம் அடித்துக்கொண்டு இயந்திரம் கண்டுபிடிக்கிறாள். கட்டைக் காலில் ஒரு பொத்தான். அமுக்கினால் அது குடையாக விரிகிறது. இன்னொரு தரம் அமுக்கினால் நெருப்பு கக்குகிறது. புத்தகத்தில் ஒரு மாவு மில்காரர் உண்டு. நான்கு பக்கம் வந்து சிடுசிடுவென்று விழுந்துவிட்டுப் போய்விடுவார். ஏன் சிடுசிடுக்கிறார் என்று எழுதியவரும் சொல்லவில்லை, எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. பெரியவர்கள் காரணம் இல்லாமல் சிடுசிடுப்பார்கள் என்பது குழந்தைகளுக்குத் தெரிந்த விஷயம். படத்தில் அவர்தான் வில்லன். சின்ன வயதில் அவர் ஆசையாக வளர்த்த வாத்து அவரை விட்டுவிட்டுப் போய்விட்டதாம். அதனால்தான் உலகத்து வாத்தையெல்லாம் பிடித்து அடைக்கிறாராம். அந்த இடத்தில் புல்லாங்குழல் வேறு.

கடைசி இருபது நிமிஷம் தனி அக்கிரமம். வாத்து பறந்து போகிறது. திரை இருட்டாகிறது. முடிந்தது, இந்த ஒன்றையாவது விட்டுவைத்தார்கள் என்று கத்தரியம்மா பையை எடுத்தாள். "ஒரு வருஷத்துக்குப் பிறகு" என்று எழுத்து வந்தது. வாத்து திரும்பி வந்தது. தனியாக இல்லை, முந்நூறு வாத்தோடு. ஆற்றங்கரையே ஆடியது. மில்காரர் அழுதுகொண்டே ஆடினார். வாத்து கண்ணாடியைக் கழற்றி, துறைக்காரர் மகளைப் பார்த்து, "இனிமே நான் எங்கேயும் போக மாட்டேன்" என்றது.

மன்றத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விளக்குப் போட்டபோது கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "குழந்தைகளுக்கு ஒரு நம்பிக்கை வேணுமில்லையாம்மா" என்றார். "நம்பிக்கைதான் வேணும்னா சொட்டு மருந்தா விட்டுடலாமே சார், ரெண்டு மணி நேரம் எதுக்கு உக்கார வெக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அறிக்கை மறுநாள் மதியத்துக்குள் போக வேண்டும். அவள் மனசுக்குள் அது அப்போதே எழுதி முடிந்திருந்தது.

வெளியே வராந்தாவில் குட்டி நின்றது. நல்ல சட்டை போட்டு, இரண்டு கையிலும் இரண்டு டீ வைத்துக்கொண்டு.

"எப்படி இருந்துச்சு பெரியம்மா?"

"கதவுப் பக்கமா உக்காந்திருக்கணும். தப்பு பண்ணிட்டேன்."

குட்டி ஒரு டீயை அவளிடம் நீட்டியது. "சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

தாங்கிக்கொள்ளும் என்று சொன்ன பிறகு கத்தரியம்மாவுக்கு என்ன தயக்கம். கண்ணாடியில் ஆரம்பித்து, நெருப்பு கக்குகிற கால், நீல முடி, புல்லாங்குழல் என்று ஒன்று விடாமல் வரிசையாக எடுத்துப் போட்டாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கேட்கிறவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"கண்ணாடி கம்பெனி சொன்னது. பொத்தான் பொம்மை விக்கிறவங்க சொன்னது. மில்காரரை அந்த நடிகர் கேட்டு வாங்கினாரு" என்றது குட்டி. "எல்லாத்துக்கும் சண்டை போட்டேன், எல்லாத்துலயும் தோத்தேன். ஒண்ணே ஒண்ணை மட்டும் தொட விடல. அந்தக் கடைசி இருபது நிமிஷம். அது முழுசா நான் எழுதினது."

"அதுதான் இருக்கிறதுலயே கேவலம்."

குட்டியின் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் குட்டி பின்வாங்கவில்லை. "ஆட்டம் வேணா கேவலமா இருக்கலாம். வாத்து திரும்பி வர்றது கேவலம் இல்ல. அது புத்தகத்துல இருக்கு."

"எந்தப் புத்தகத்துல?"

"உங்க புத்தகத்துல."

கத்தரியம்மா சிரித்தே விட்டாள். முப்பத்தோரு வருஷ அனுபவத்தின் மொத்த ஏளனமும் அந்தச் சிரிப்பில் இருந்தது. "அடியே, அந்தப் புத்தகத்தை நான் இருபது தடவை படிச்சிருக்கேன். வாத்து திரும்பி வரவே வராது. வந்துட்டா அது கதையே இல்ல. படிக்காமலே எழுதக் கிளம்பிடுறீங்க."

குட்டி டீயைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டு, தோள்பையைத் திறந்து, ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தது. ஆரஞ்சு அட்டை, மூலைகள் தேய்ந்து உருண்டு போயிருந்தன. கத்தரியம்மா சுருக்கி, அவள் பதிப்பகம் போட்ட புத்தகம்தான். முதல் பக்கத்தில் "குட்டிக்கு, பெரியம்மா" என்று அவள் கையெழுத்து. கீழே தேதி, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தியது. குட்டி கடைசிப் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டியது. அறுபத்து நான்காம் பக்கம், கடைசி வரி:

'மறு வருஷம் வாத்து திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அது எங்கேயும் போகவில்லை.'

கத்தரியம்மா இரண்டு முறை படித்தாள். "இது அச்சகத்து ஆளுங்க வேலை" என்றாள். "எவனோ இடம் காலியா இருக்குன்னு சொருகியிருக்கான். கொழுப்பெடுத்தவனுங்க." புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்த கோபத்தில் டீயைக் குடிக்காமலே படி இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட ஒழுங்காக விடவில்லை. அலமாரியைத் திறந்து, கட்டுகளை இறக்கினாள். கட்டு நூல் இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து அறுத்தாள். அச்சகத்துக்காரனை எந்த வார்த்தையால் கிழிப்பது என்று மனசில் ஒரு ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. அச்சகத்தில் அப்போது இருந்த ஃபோர்மன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது என்பது நடுவில்தான் ஞாபகம் வந்தது. அதற்காக அவரை விட்டுவிடுகிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

ஒட்டிய தாள்கள் எல்லாம் மஞ்சளித்திருந்தன. அச்சு வரிகள், அச்சு வரிகள், பசைக் கறை, மறுபடி அச்சு வரிகள். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனாள். கடைசித் தாள். கடைசி ஒட்டு, வாத்து ஆற்றைத் தாண்டிப் பறக்கிற வரி. அதற்குக் கீழே ஒட்டு ஒன்றும் இல்லை. நீல மையில் ஒரு வரி எழுதியிருந்தது. அவள் கையெழுத்து.

அச்சகத்து ஆள் எழுதவில்லை. அவள்தான் எழுதியிருந்தாள்.

அப்புறம் எல்லாம் ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருந்தால் அவளுக்கு நல்லது. அறுபத்தேழு பக்கம் வந்திருந்தது. மூன்று பக்கம் அதிகம். "அம்மா, நாலு பாரமா அஞ்சு பாரமா, மெஷின் நிக்குது" என்று அந்த ஃபோர்மன் போன் போட்டார். கடைசி மூன்று பக்கத்தை அப்படியே எடுத்துவிட்டாள். வாத்துதான் பறந்துவிட்டதே, கதை முடிந்துவிட்டது என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "பறந்து போச்சுன்னு நிறுத்தினா குழந்தைங்க அழும்மா. நல்லவிதமா ஒரு வரி போட்டு முடிங்க" என்றார். பேனா பக்கத்தில் இருந்தது. பத்து விநாடி ஆகியிருக்கும். அதோடு அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டாள். அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம், மேடை மேடையாக, "என் கையெழுத்தில் ஒரு வரி இருக்காது" என்று முழங்கியிருக்கிறாள். நெருப்பு கக்குகிற காலைக் கண்டுபிடித்தவனுக்குக்கூடத் தான் செய்தது என்ன என்று தெரியும். இவளுக்கு அதுவும் தெரியவில்லை.

அவள் இதுவரை உலகத்தில் இருக்கிற எல்லோருக்கும் தாராளமாகக் கொடுத்துவந்த ஏளனம் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்தது. வாங்கி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. தரையில் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்து, தன்னைத் தானே மில்காரர் என்று திட்டிக்கொண்டாள். உடனே, மில்காரரை அவமானப்படுத்தக் கூடாது, அவர் சிடுசிடுத்தாரே தவிரப் பொய் சொல்லவில்லை என்றும் தோன்றியது.

மறுநாள் காலையில் அறிக்கையை எழுதி, தானே கொண்டுபோய் மன்றத் தலைவரிடம் கொடுத்தாள். அரைப் பக்கம்தான். படம் குப்பை என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் கடைசி இருபது நிமிஷத்துக்கு ஆதாரம் எங்கள் பதிப்பில் இருக்கும் ஒரு வரி, அந்த வரி மூலத்தில் கிடையாது, எழுதியது நான், ஆகவே இந்தப் படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, விலகிக்கொள்கிறேன். தலைவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கும்மா, வெறும் சரின்னு போட்டிருந்தா யாருக்கும் தெரியாதே" என்றார். நல்ல மனுஷன்தான். "அதுதான் சார் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு வந்தாள். விலகியவரின் கருத்து கணக்கில் வராது; மற்ற நால்வரும் சரி என்று கையெழுத்துப் போட்டார்கள். பேருந்துகள் கிளம்பும் என்று ஆயிற்று.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குத் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை ஷிப்டுக்குப் போயிருந்தாள். குட்டி கதவைத் திறந்தது. விஷயம் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

"விலகிட்டீங்களாமே" என்றது. "எனக்காகவா?"

"உனக்காக இல்ல. எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதனால."

சமையலறை மேஜையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கத்தரியம்மா சுற்றி வளைக்கவில்லை. அந்த வரி அச்சகத்தில் சேர்த்தது இல்லை, தான் எழுதியது, மூன்று பக்கத்தை வெட்டியதும் தான்தான் என்று சொல்லி முடித்தாள். கையோடு கொண்டுவந்திருந்த பழுப்பு உறையைக் குட்டியின் பக்கம் தள்ளினாள். "இதுதான் அந்த மூணு பக்கம். நிஜமான முடிவு."

குட்டி உறையைத் திறந்தது. வெட்டிய வரிகளை மேஜையில் வரிசையாக அடுக்கிப் படித்தது. மறு வருஷம் வாத்துக் கூட்டம் வருகிறது. துறைக்காரர் மகள் மூன்று நாள் அண்ணாந்து எண்ணிப் பார்க்கிறாள். அது இல்லை. நான்காம் நாள் அவள் எண்ணவில்லை. கயிறு அலச வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் கூட்டம் போனபோது அவள் வீட்டுக்குள் இருந்தாள். அந்தக் கட்டைக் கால் ஜன்னலில் இருந்தது. காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்திருந்தாள், அதற்கு அது போதுமானதாக இருந்தது. அத்தோடு புத்தகம் முடிகிறது.

குட்டி படித்து முடித்தது. துண்டுகளின் ஓரங்களை விரலால் நேராக்கிக்கொண்டே இருந்தது.

"நான் எதுக்கு உங்க வீட்டு ஜன்னல்ல நிப்பேன்னு தெரியுமா பெரியம்மா?"

"தெருவைப் பாக்கறேன்னு நெனச்சேன்."

"நீங்க அந்தப் புத்தகத்தைக் குடுத்தீங்க. அப்பா போய் ஒரு வருஷம் ஆகப் போகுது. மறு வருஷம் திரும்பி வந்ததுன்னு அதுல போட்டிருக்கு. நான் நாள் பாத்துக்கிட்டு நின்னேன்." குட்டியின் குரல் மாறவில்லை. "அந்த வருஷம் வரல. அடுத்த வருஷம்னு நின்னேன். புத்தகம் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே எப்பப் பாத்தாலும் சொல்லுவீங்க. அப்போ தப்பு எங்க பக்கம்தான் இருக்கணும்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு வாத்தை நல்லா பாத்துக்கிட்டா, அது திரும்பி வந்துச்சு. நாங்க அப்பாவைச் சரியா பாத்துக்கல, அதான் வரலன்னு."

மேஜை ஓரத்துக்கு நகர்ந்திருந்த ஒரு துண்டை எடுத்துக் கத்தரியம்மா வரிசையில் வைத்தாள்.

"படத்துலயாவது அது வரட்டும்னுதான் அந்த இருபது நிமிஷத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்" என்றது குட்டி. பிறகு ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. "இது எப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எங்க?"

"அலமாரியில" என்றாள் கத்தரியம்மா. "நீ நின்ன ஜன்னலுக்குப் பக்கத்துல."